கப்பைக் கிராமாக மாற்றியதும் பலகாரம் கெடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சமையல் வகுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் புகார் இதுதான்: "குறிப்பில் கப் கணக்கு இருந்தது. கிராமாக மாற்றி, தராசில் நிறுத்துத்தான் செய்தேன். அப்படியும் சரியாக வரவில்லை." உடனே மைதாவின் மேல் பழி விழும், இல்லாவிட்டால் ஓவன் மேல். விசாரித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் மாற்றிய கணக்கில்தான் கோளாறு இருக்கும்.

உங்களுக்கு வந்திருக்கும் பிரச்சினை எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், ஏதாவது வாங்க வேண்டியது அப்புறம், ஆளைக் கேட்க வேண்டியது கடைசியில். ஆனால் அடுத்து வரும் தண்ணீர் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

## எல்லோருக்கும் பொது: தண்ணீர் சோதனை

நீங்கள் "1 கப்" என்று எதில் அளக்கிறீர்களோ, அதை ஈரமில்லாமல் துடைத்துத் தராசில் வையுங்கள். டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை மில்லி அந்தப் பாத்திரம் பிடிக்கும்.

237 முதல் 240 வரை வந்தால் அது அமெரிக்கக் கப். 250 வந்தால் மெட்ரிக் கப். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாக்காரர்களின் குறிப்புகளில் வருவது இது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவுக் கப் செட்டுகளில் இரண்டு வகையும் கலந்தே கிடைக்கின்றன. 200 வந்தால் ஜப்பானியக் கப். 180 வந்தால் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வந்த கப். அதைக் கேக்குக்கு எடுத்துவிடாதீர்கள்.

வேறு ஏதாவது எண் வந்தால் அது வீட்டு டம்ளராகவோ ஆழாக்காகவோ இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை, எண் தெரிந்தால் போதும். பாட்டி எழுதிவைத்த குறிப்பில் படி, ஆழாக்கு என்று இருந்தால், அந்த வீட்டிலேயே அந்தப் பாத்திரத்தைத் தேடியெடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சின்னப் படி, பட்டணம் படி என்று படி ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. எங்கோ படித்த "ஒரு படிக்கு இத்தனை கிராம்" உங்கள் வீட்டுப் படிக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. யாழ்ப்பாணத்துக் குறிப்புகளில் வரும் சுண்டுக்கும் கொத்துக்கும் இதே சோதனைதான்.

ஸ்பூன்களையும் விட்டுவிடாதீர்கள். தேக்கரண்டியால் பத்து முறை தண்ணீர் எடுத்து ஊற்றினால் 50 கிராம் வர வேண்டும். மேசைக்கரண்டி என்றால் பத்துக்கு 150. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி மட்டும் 20 மில்லி, அதாவது பத்துக்கு 200. சாப்பாட்டு ஸ்பூனை மேசைக்கரண்டி என்று வைத்து அளப்பவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

வந்த எண்ணை அழியாத மார்க்கரால் பாத்திரத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

கீழே உள்ளது 240 மில்லி கப்புக்கு, அழுத்தாமல் நிரப்பித் தலைதட்டினால் வரும் எடை:

மைதா 120 முதல் 125 கிராம்
கோதுமை மாவு சுமார் 120
கடலை மாவு, சலித்தது 90 முதல் 95
கொக்கோ பவுடர் 85
ரவை 165 முதல் 170
அரிசி, உளுந்து 185 முதல் 200
சர்க்கரை 200
பொடித்த சர்க்கரை 115 முதல் 120
வெண்ணெய் 227
நெய், எண்ணெய் 218 முதல் 220
பால், தயிர் 245
தேன் 340

இதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கப்பில் உங்கள் வீட்டு மாவை ஒருமுறை நிறுத்து, அந்த எண்ணை டப்பா மூடியில் ஒட்டிவிட்டால், அதைவிட நம்பகமான பட்டியல் வேறு கிடையாது.

## அறிகுறி: கேக் வறண்டு உதிர்கிறது, மேல்புறம் வெடிக்கிறது

மாவு கூடிவிட்டது என்பதுதான் முதல் சந்தேகம்.

கப்பை எப்படி நிரப்பினீர்கள்? கப்பை மாவு டப்பாவுக்குள் முக்கி அள்ளும்போது, டப்பாவின் சுவரோடு அழுந்தி மாவு இறுகும். அதை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் விளிம்புக்குக் கீழே இறங்கும். இடம் இருக்கிறதே என்று இன்னும் இரண்டு ஸ்பூன் போடத் தோன்றும். இப்படி நிரப்பிய கப்பில் மைதா 140, 150 கிராம் வரை போய்விடும். டப்பாவில் இருக்கும் மாவை முதலில் கரண்டியால் கிளறித் தளர்த்துங்கள். ஸ்பூனால் கப்பில் அள்ளிப் போட்டு, மேலே குவிந்ததைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். அழுத்தவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். இரண்டு விதமாகவும் நிரப்பி நிறுத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இரண்டு கப் மைதா கேட்கும் அமெரிக்கக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் கப்புக்கு 120 என்று வைத்திருந்தால் அவர் மனதில் இருப்பது 240 கிராம். நீங்கள் 250 மில்லி கப்பில் முக்கி அள்ளினால் 300 ஆகிவிடும். கால் பங்கு மாவு கூடிய பிறகு எந்த ஓவனாலும் அந்தக் கேக்கை மெத்தென்று எடுக்க முடியாது.

குறிப்பு எழுதியவர் எப்படி நிரப்பினார்? எடைக்கு மாற்றும்போது பலர் கவனிக்காத இடம் இது. அமெரிக்காவிலேயே ஒரு கப் மைதாவுக்கு ஒரே எடை கிடையாது. கிங் ஆர்தர் மாவு நிறுவனம் 120 கிராம் என்று வைத்திருக்கிறது. சமையல் குறிப்புகளைச் சோதித்து வெளியிடும் அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் 5 அவுன்ஸ் என்கிறது, அதாவது 142 கிராம். இரண்டுமே அவரவர் குறிப்புக்குச் சரி. ஒருவருடைய குறிப்பை எடுத்து இன்னொருவருடைய பட்டியலால் மாற்றினால்தான் கெடுகிறது. குறிப்பின் முன்னுரையிலோ அடியிலோ அவர்கள் எடையைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எங்கும் இல்லையென்றால் 125-இல் ஆரம்பியுங்கள். மாவு கூடினால் மீட்க வழியில்லை. குறைந்தால் கலவையின் பதத்தைப் பார்த்து ஒரு ஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம்.

மைதா எடையைக் கொக்கோவுக்கும் போட்டீர்களா? சாக்லேட் கேக் மட்டும் வறண்டு கசக்கிறது என்றால் இதுதான். ஒரு கப் கொக்கோ 85 கிராம், 120 அல்ல.

முட்டை. அமெரிக்கக் குறிப்பில் "பெரிய முட்டை" என்றால் ஓடு நீக்கி 50 கிராம். நம் கடை முட்டைகளில் சின்னதாக அமைந்தால் அந்த அளவு வராது, நாட்டுக்கோழி முட்டையில் இன்னும் குறையும். மூன்று முட்டைக்கு 150 கிராம் என்று கிண்ணத்தில் உடைத்து நிறுத்துவது நல்லது.

எல்லாம் சரி, இன்னும் வறள்கிறது. அப்புறம்தான் ஓவனைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நீங்கள் வைத்த சூட்டுக்கும் அது காட்டும் சூட்டுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: கேக் நடுவில் குழிகிறது, ஓரம் பிசுபிசுக்கிறது

நம் ஊர்க் குறிப்புகளில் இதற்கு முக்கியக் காரணம் பொடித்த சர்க்கரை. "பொடித்த சர்க்கரை 1 கப்" என்று இருக்கும். நீங்கள் ஒரு கப் சர்க்கரையை மிக்ஸியில் போட்டுப் பொடித்து, அத்தனையையும் சேர்த்துவிடுவீர்கள். பொடித்த பிறகு அது ஒரு கப்புக்குள் அடங்கவே அடங்காது. இன்னும் முக்கால் கப் அளவு கூடும். எடையோ மாறுவதில்லை, 200 கிராம் அப்படியே இருக்கும். குறிப்பு கேட்டது 120. ஆக 80 கிராம் கூடுதல். கூடிய சர்க்கரையால் கேக் எழும்பி, நிலைக்க முடியாமல் உட்காரும். நிறமும் சீக்கிரம் ஏறிவிடும்.

சோதனை எளிது. குறிப்பில் பொடித்த பிறகு அளப்பதா, பொடிக்கும் முன்பா என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் மைதாவோடு ஒப்பிடுங்கள். சாதாரண வெண்ணெய்க் கேக்கில் சர்க்கரையின் எடை மைதாவின் எடையை ஒட்டித்தான் இருக்கும். அதைவிட ரொம்பத் தாண்டினால் பொடித்த பிறகு அளக்க வேண்டிய குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்தேகம் சோடா உப்பும் பேக்கிங் பவுடரும். இவற்றைத் தேக்கரண்டியில் கோபுரமாக எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். தலைதட்டித்தான் எடுக்க வேண்டும்.

## அறிகுறி: மைசூர்பாகு மாவு மாவாக உதிர்கிறது

தீபாவளிக்கு முந்தைய வாரம் தவறாமல் வரும் கேள்வி. காரணமும் அநேகமாக ஒன்றுதான்: கப்பின் மேல் 250 என்று போட்டிருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் 250 கிராம் என்று எடுத்துக்கொள்வது.

கடலை மாவு 1 கப், சர்க்கரை 2 கப், நெய் 2 கப் என்ற குறிப்பை 240 மில்லி கப்பில் அளந்து தராசில் வைத்துப் பாருங்கள். சலித்த கடலை மாவு 95 கிராம், சர்க்கரை 400, நெய் ஏறக்குறைய 437. இதையே கப்புக்கு 250 கிராம் என்று மாற்றினால் மாவு 250, சர்க்கரை 500, நெய் 500. சர்க்கரை கால் பங்குதான் கூடியிருக்கிறது, நெய் அதைவிடக் குறைவாகத்தான் கூடியிருக்கிறது. கடலை மாவோ இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. அத்தனை மாவுக்கு அந்த நெய் எங்கே போதும்? உதிரத்தான் செய்யும்.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக உங்கள் கப்பில் நிரப்பி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களை மட்டும் பெருக்குங்கள். கடலை மாவு சலிப்பதற்கு முன்னும் பின்னும் வித்தியாசப்படும். கட்டி தட்டிய மாவை அப்படியே அள்ளினால் கப்புக்கு 110 கிராம் வரையும் வரும். அதனால் சலித்த பிறகே நிறுக்க வேண்டும்.

உதிரவில்லை, கல்லாக இருக்கிறது என்றால் வேறு கதை. எடையெல்லாம் சரியாக இருந்து கல்லானால், பாகு கம்பிப் பதத்தைத் தாண்டியிருக்கும், இல்லையென்றால் அடுப்பில் கூடுதல் நேரம் கிளறியிருப்பீர்கள். அதைத் தராசால் தீர்க்க முடியாது.

கல்யாணத்துக்கு 5 கிலோ, 10 கிலோ என்று செய்ய வேண்டி வந்தால், எடைக் கணக்கு சரியாக இருந்தாலும் ஸ்வீட் மாஸ்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய உருளியில் பாகு பதம் மாறும் வேகமே வேறு.

## அறிகுறி: சோறு நறுக்கரிசியாக நிற்கிறது

தண்ணீரை எடைக்கு எடை ஊற்றினீர்களா? "ஒன்றுக்கு இரண்டு" என்பது கப்பில் அளக்கும்போது சொன்ன கணக்கு. அதைத் தராசுக்குக் கொண்டுவந்து "1 கிலோ அரிசிக்கு 2 லிட்டர்" என்று வைத்தால் தண்ணீர் குறைந்துவிடும். ஒரு கப் அரிசி 200 கிராம்தான், ஒரு கப் தண்ணீரோ 240. ஆகவே 1 கிலோ அரிசி 5 கப். தண்ணீர் 10 கப், அதாவது 2.4 லிட்டர். அந்த 400 மில்லிதான் சோற்றை அரைவேக்காட்டில் நிறுத்துகிறது. பாஸ்மதிக்கு ஒன்றுக்கு ஒன்றரை வைப்பவர்கள் கிலோவுக்கு 1.5 லிட்டர் என்று எடுக்காமல் 1.8 லிட்டர் எடுக்க வேண்டும்.

அரிசியை எப்போது நிறுத்தீர்கள்? ஊறிய அரிசியை நிறுத்திருந்தால் அதில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருக்கும். ஊற வைக்கும் முன் நிறுப்பதுதான் முறை.

ரைஸ் குக்கரின் கப் தொலைந்துவிட்டதா? இது பலருக்கு நடக்கிறது. குக்கர் பாத்திரத்தின் உள்ளே இருக்கும் 2, 3, 4 என்ற கோடுகள் 180 மில்லி கப்புக்காகப் போட்டவை. அந்தக் கப்பில் 150 கிராம் அளவு அரிசி பிடிக்கும். நீங்கள் 240 மில்லி கப்பில் மூன்று கப் அரிசி போட்டுவிட்டு மூன்றாவது கோடு வரை தண்ணீர் ஊற்றினால் போதாது, ஏனென்றால் நீங்கள் போட்டது குக்கர் கணக்கில் நான்கு கப். நான்காவது கோடு வரை ஊற்றுங்கள். புதுக் கப் வாங்கத் தேவையில்லை. இனி 150 கிராமுக்கு ஒரு கோடு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு அளவிலிருந்து 10 கிலோ பிரியாணிக்குப் போகும்போது மேலே சொன்ன பெருக்கல் கைகொடுக்காது. பெரிய அண்டாவில் ஆவியாகிப் போகும் தண்ணீரின் பங்கு குறைவு, அதனால் அதே விகிதத்தில் ஊற்றினால் குழைந்துவிடும். அந்த அளவுக்கு அனுபவப்பட்ட சமையல்காரரைக் கேட்டுத்தான் தண்ணீர் வைக்க வேண்டும். அத்தனை பேர் சாப்பாட்டை வைத்துச் சோதனை செய்து பார்ப்பது நியாயமில்லை.

## அறிகுறி: அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது

பாகு பதம் குறைந்திருந்தாலும் பிரியும், அது எல்லோருக்கும் தெரிந்தது. பதம் சரியாக இருந்தும் பிரிந்தால் ஈர மாவின் எடையைப் பாருங்கள்.

"1 கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்" என்ற கணக்கில் சொல்லப்படுவது காய்ந்த அரிசியின் எடை. அதை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்தால், மாவு 1.25 கிலோவுக்கு மேல் வரும். கூடியதெல்லாம் தண்ணீர். இப்போது மில்லில் அரைத்த ஈர மாவை 1 கிலோ நிறுத்து வாங்கி வந்து, அதற்கு முக்கால் கிலோ வெல்லம் போட்டால் என்ன ஆகும்? அந்த மாவில் உண்மையான அரிசி 800 கிராம்கூட இருக்காது. அதற்கு 600 கிராம் வெல்லமே தாராளம். மேலே போட்ட 150 கிராம்தான் எண்ணெயில் இளகிப் பிரிகிறது.

கடையில் வாங்கிய காய்ந்த அரிசி மாவில் செய்தால் இதற்கு நேர்மாறாக, மாவு இறுகி அதிரசம் வறட்டியாக வரும். காய்ந்த மாவு அதிரசத்துக்கே தோதுப்படாது என்பது என் கருத்து. எடையை எப்படிச் சரிக்கட்டினாலும் அந்த மென்மை வருவதில்லை.

வெல்லத்தைக் கப்பில் அளப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கட்டியாக உடைத்ததற்கும், தட்டியதற்கும், தூளாக விற்பதற்கும் ஒரே கப்பில் எடை வெவ்வேறு. உருண்டையோ அச்சோ, முழுதாகத் தராசில் வைத்து, அப்புறம் உடையுங்கள். தேங்காய்த் துருவலும் இப்படித்தான். தளர்வாக நிரப்பினால் ஒரு கப் 80 கிராம், அழுத்தினால் நூறைத் தாண்டும்.

## அறிகுறி: உப்பு கரிக்கிறது, அல்லது ஊறுகாயில் பூசணம் பூக்கிறது

இரண்டும் எதிரெதிர்க் கோளாறுகள். காரணம் ஒன்று: உப்பின் ரகத்தைப் பார்க்காமல் ஸ்பூனை மட்டும் பார்ப்பது.

ஒரு தேக்கரண்டி பொடியுப்பு 6 கிராம். கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி விழுவதால் அதே ஸ்பூனில் குறைவாகத்தான் ஏறும். எவ்வளவு குறையும் என்பது கல்லின் பருமனைப் பொறுத்தது. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கோஷர் உப்பு (பருமனான ஒரு சமையல் உப்பு) இதைவிடச் சிக்கலானது. டயமண்ட் கிரிஸ்டல் ரகம் தேக்கரண்டிக்கு 3 கிராம் அளவு, மார்ட்டன் ரகம் 5 கிராம் அளவு. டயமண்ட் கிரிஸ்டலை வைத்து எழுதிய குறிப்பில் இரண்டு தேக்கரண்டி என்று இருந்தால் அது 6 கிராம். நீங்கள் நம் வீட்டுப் பொடியுப்பை இரண்டு தேக்கரண்டி போட்டால் 12. கோழி கரிக்காமல் என்ன செய்யும்? குறிப்பில் ரகம் சொல்லாமல் கோஷர் உப்பு என்று மட்டும் இருந்தால் பாதி போட்டு ருசி பாருங்கள்.

ஊறுகாய்க்கு இதன் மறுபக்கம். பொடியுப்பை வைத்துச் சொன்ன கப் கணக்கைக் கல்லுப்பில் அளந்தால் உப்பு குறைந்துபோகும், சில வாரங்களில் மேலே வெள்ளையாகப் பூக்கும். மாங்காயையும் உப்பையும் எடை போட்டே செய்யுங்கள். ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் என்று உங்கள் வீட்டுக் கணக்கை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், எந்த ரக உப்பானாலும் அது நிலையாக நிற்கும். பூசணம் பூத்த ஊறுகாயில் மேலே வழித்துவிட்டு உப்புப் போட்டு மீட்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

## அறிகுறி: பன் மாவு ஒரு நாள் பொங்குகிறது, ஒரு நாள் அப்படியே கிடக்கிறது

ஈஸ்ட் பழசா என்று முதலில் பாருங்கள்: வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையோடு கலந்தால் பத்து நிமிடத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்கிறது என்றால் அடுத்து உங்கள் தராசைச் சந்தேகியுங்கள்.

முழு கிராமாக மட்டும் (1, 2, 3 என்று) காட்டும் சமையலறைத் தராசு 3 கிராம் ஈஸ்ட்டைச் சரியாக நிறுக்காது. அது 3 என்று காட்டும்போது உள்ளே இரண்டரையும் இருக்கலாம், மூன்றரையும் இருக்கலாம். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கிள்ளிக் கிள்ளி மெதுவாகத் தூவினால் பல தராசுகள் அந்தச் சின்னக் கூடுதலைக் கவனிக்காமல் பூஜ்யத்திலேயே நிற்கும். நீங்கள் தூவிக்கொண்டே இருப்பீர்கள். வேறொரு கிண்ணத்தில் கொட்டி, அந்தக் கிண்ணத்தைத் தூக்கித் தராசில் வைத்தால் உண்மை தெரியும்.

என் பழக்கம் இது: 5 கிராமுக்குக் கீழே எதுவானாலும் ஸ்பூன்தான். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் அளவு. 7 கிராம் சாஷே என்றால் இரண்டே கால் தேக்கரண்டி. அடிக்கடி பிரெட் செய்பவர்கள் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றைக் கூடவே வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.

## அறிகுறி: மில்லியும் கிராமும் ஒத்துப்போகவில்லை

1 லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். இந்த வித்தியாசம் வீட்டுச் சமையலில் பெரிதாகத் தெரியாது. 200 கிராம் எண்ணெய்க்கு 200 மில்லி ஊற்றினால் 18 கிராம்தான் குறையும். தேனிலும் கண்டென்ஸ்டு மில்க்கிலும்தான் ஏமாந்துபோவோம். 250 கிராம் தேன் பாட்டிலில் இருப்பது முக்கால் கப்கூட நிரம்பாது. 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின்னில் ஒன்றே கால் கப்புக்குச் சற்று மேல் இருக்கும், ஒன்றரை கப் இருக்காது.

அவுன்ஸ் வந்தால் எதோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். பாலுக்கு 8 அவுன்ஸ் என்றால் அது கொள்ளளவு, ஒரு கப். சீஸுக்கு 8 அவுன்ஸ் என்றால் அது எடை, 227 கிராம். அமெரிக்கக் குறிப்பில் வெண்ணெய் "ஒரு ஸ்டிக்" என்றால் 113 கிராம், நம் 100 கிராம் பாக்கெட் முழுதாகப் போட்டாலும் கொஞ்சம் குறையும். பைண்ட் அமெரிக்காவில் 473 மில்லி, பிரிட்டனில் 568.

## அறிகுறி: தராசின் எண் நிற்காமல் ஓடுகிறது

மின்விசிறியை நிறுத்துங்கள். பலருக்கு இதோடு முடிந்துவிடும்.

அப்புறம் தராசைத் தூக்கி அடியில் பாருங்கள். ஒரு கால் கீழே ஒரு துவரம்பருப்பு மாட்டியிருந்தாலும் எண் ஆடும். சமமான கல் மேடையில் வையுங்கள், பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். பேட்டரியை மாற்றுங்கள். எண் நிலையாக இருந்தும் பொருத்தமில்லாமல் வந்தால் ஓரத்தில் கி, மி.லி., அவுன்ஸ் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். யூனிட் பொத்தானில் தெரியாமல் விரல் பட்டிருக்கும். மில்லி என்று காட்டும் வசதி தண்ணீருக்கோ பாலுக்கோ மட்டும் பொருந்தும், எண்ணெய்க்கு அதை நம்பக் கூடாது.

5 கிலோ தராசு என்றால் பாத்திரத்தோடு சேர்த்து 5 கிலோ. வெண்கல உருளியை வைத்து டேர் அழுத்திவிட்டால் மீதி எவ்வளவு தாங்கும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால், பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டை வையுங்கள். உறையின் எடை சேர்ந்து சில கிராம் கூடக் காட்டுவது சரி. அதே பாக்கெட்டைத் தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் உள்ளே இருக்கும் சென்சார் கெட்டுவிட்டது. வீட்டுத் தராசு என்றால் பழுது பார்க்கும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

## எடைக்கு மாற்றவே வேண்டாத இடங்கள்

இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று என்பதை மாற்றிச் சிரமப்பட வேண்டாம். அரிசியும் உளுந்தும் ஒரே டம்ளரில் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். இட்லி கல்லாக வந்தால் உளுந்தின் தரம், அரைத்த பதம், புளித்த நேரம் இவற்றைப் பாருங்கள். சாம்பார், குழம்பு, ரசம் எல்லாம் கையும் நாக்கும் பார்த்துக்கொள்ளும்.

குழந்தைக்குக் கரைக்கும் பால் பவுடரை ஒருபோதும் உங்கள் ஸ்பூனுக்கோ கிராமுக்கோ மாற்றாதீர்கள். டின்னோடு வந்த ஸ்கூப்பால், டின்னில் சொன்ன தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும். ஸ்கூப் தொலைந்தால் இன்னொரு ரகத்தின் ஸ்கூப்பைப் போடாமல், புது டின் வாங்குங்கள் அல்லது குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். மருந்து சிரப்பும் அப்படியே, அதோடு வந்த மூடியிலோ சிரிஞ்சிலோ மட்டும்தான் அளக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாவுச்சத்துக் கணக்கு பார்த்து இன்சுலின் போடுகிறவர்கள், கப்பைக் கிராமாக்கும் பட்டியலை டயட்டீஷியனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சமைத்த சோற்றின் எடைக்கும் அரிசியின் எடைக்கும் அங்கே குழப்பம் வந்தால் ஆபத்து.

வீட்டில் செய்து எடை போட்டு விற்கிறீர்கள் என்றால் சமையலறைத் தராசு போதாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி முத்திரையிட்ட தராசுதான் வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை போட வேண்டும். தராசு விற்கும் உரிமம் பெற்ற கடையிலேயே முத்திரைக்கான விவரத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.